முதலில் வருவது அழற்சி

திருப்பூர் முதலிபாளையம் சிட்கோ தொழிற்பேட்டையில் சாயங்கால டீ நேரத்தில் யாராவது கிளாஸை வாயில் வைத்துவிட்டு முகம் சுளித்தால் போதும், காரணம் சொல்ல நாலு பேர் வந்துவிடுவார்கள். ஒன்றரை ஷிப்ட் பவர் டேபிளில் உட்கார்ந்தால் உடம்பு சூடாகாமல் என்ன செய்யும் என்பார் டெய்லர். வயிற்றில் புண் இருந்தால்தான் வாயில் வரும் என்பார் அயர்ன் மாஸ்டர். செக்கிங் டேபிளில் நிற்கும் அக்கா சுக்குட்டிக் கீரையைக் கடைந்து சாப்பிடச் சொல்வார். மற்ற ஊர்களில் மணத்தக்காளி என்கிறார்களே, அதேதான். மெடிக்கல் கடைக்காரர் கேள்வியே கேட்காமல் பி காம்ப்ளெக்ஸ் அட்டையில் பத்து மாத்திரையை வெட்டித் தருவார். இவர்களில் யாரையும் முழுக்கத் தள்ளிவிட முடியாது. ஆனால் எல்லோரும் பதில் சொல்வது ஒரே கேள்விக்குத்தான்: இந்த முறை ஏன் வந்தது? அதைவிடக் கடினமான கேள்வி ஒன்று இருக்கிறது. அதே டீ, அதே தண்ணீர், அதே ஷிப்ட். பக்கத்து மெஷின்காரருக்கு வருஷக்கணக்கில் வாய் சுத்தமாக இருக்க, இவருக்கு மட்டும் மாதம் தவறாமல் ஏன் வருகிறது? நூறு ஆண்டுக்கு மேலான ஆராய்ச்சி இதற்குக் காட்டும் திசை, புண்ணைச் சுற்றித் தெரியும் அந்தச் சிவப்பு வளையத்தை நோக்கியது. புண் வந்ததால் அழற்சி வந்தது என்று நாம் நினைக்கிறோம். நடப்பது தலைகீழ்: முதலில் அழற்சி வருகிறது, அது சதையைத் தின்று புண்ணை உண்டாக்குகிறது.

எந்தப் புண்ணைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் வரையறுத்துவிட வேண்டும். உதட்டின் உள்பக்கம், கன்னத்தின் உள்பக்கம், நாக்கின் அடி, ஓரம் என்று வாயின் மெத்தென்ற இடங்களில் வட்டமாகவோ முட்டை வடிவிலோ வந்து, நடுவில் மஞ்சள் கலந்த வெள்ளைப் படலமும் சுற்றிலும் சிவந்த விளிம்புமாக இருந்து, தானாக ஆறி, மறுபடி வருவதுதான் மருத்துவர்கள் ஆப்தஸ் என்று சொல்லும் புண். உலக மக்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு வாழ்நாளில் என்றாவது இது வருகிறது என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. இப்படி வருபவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு வருவது சிறு வகை: ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்கும், 7 முதல் 14 நாளில் தழும்பில்லாமல் ஆறிவிடும். பெரு வகை ஒரு சென்டிமீட்டரைத் தாண்டும், ஆழமாகப் போகும், வாரக்கணக்கில் இருந்து தழும்பும் விடும். மூன்றாவது வகையில் கடுகளவுப் புண்கள் டஜன் கணக்கில் கூட்டமாக வரும். அது பார்வைக்கு ஹெர்பிஸ் போல இருக்கும், ஆனால் ஹெர்பிஸ் கிடையாது. ஹெர்பிஸ் வைரஸால் வருவது. முதலில் கொப்புளமாக எழும்பி, பெரும்பாலும் ஈறு, மேலண்ணம் போன்ற கெட்டியான பகுதிகளைப் பிடிக்கும், ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றும். ஆப்தஸ் கொப்புளமாகத் தொடங்குவதே இல்லை, தொற்றுவதும் இல்லை. ஹாஸ்டலில் வாய்ப்புண் வந்த பெண்ணின் டம்ளரைத் தனியாக ஒதுக்கி வைப்பதற்கு அறிவியலில் இடமில்லை.

இந்தப் புண் பிறக்கும் வரிசையைக் கூர்ந்து பார்த்தால் முக்கால்வாசி விஷயம் அதிலேயே இருக்கிறது. அடிக்கடி வருபவர்களைக் கேட்டால், புண் தெரிவதற்கு ஒரு நாளோ இரண்டு நாளோ முன்பே அந்த இடம் குறுகுறுக்கும், எரியும் என்பார்கள். கண்ணாடியில் உதட்டைப் புரட்டிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது, இருந்தாலும் லேசான சிவப்புதான் தெரியும். அந்தக் கட்டத்தில் சதைத் துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் கண்டது இது. மேலே தோல் இன்னும் கிழியவில்லை. கீழே ரத்தக் குழாய்கள் விரிந்து, அவற்றைச் சுற்றி லிம்போசைட் என்னும் வெள்ளணுக்கள் கூடி நிற்கின்றன. கிருமிக் கூட்டம் எதையும் எதிர்த்து அவை நிற்பதாகத் தெரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அவை மேல்படலத்துக்குள் ஊர்கின்றன. படலத்தின் செல்கள் உப்பி, உள்ளே குமிழ் விட்டு, சாகின்றன. அதன் பிறகே கூரை இடிந்து விழுகிறது. விழுந்த பள்ளத்தில் இன்னொரு வகை வெள்ளணுவான நியூட்ரோபில்கள் வெள்ளம் போல் வந்து நிரம்ப, ஃபைப்ரின் என்னும் புரதம் உறைந்து அந்த மஞ்சள் படலமாகிறது. லிம்போசைட்டுகளில் ஒரு வகையான டி செல்களிலும் ஒரு முறை மாற்றம் நடக்கிறது: புண் உடைவதற்கு முன்பு உதவிப் பணி செய்யும் சிடி4 வகை மிகுந்திருக்கும், புண் உச்சத்தில் செல்லைக் கொல்லும் சிடி8 வகை மேலோங்கும், ஆறும்போது மறுபடி சிடி4. இது ஒரு காயம் அழற்சியை இழுத்த கதையாக இருந்தால் முதலில் கிழிசலும் பிறகு வெள்ளணுக்களும் வந்திருக்க வேண்டும்.

அப்படியானால் பல் பட்டுக் கடித்துக்கொண்ட இடத்தில் புண் வருகிறதே, கரடுமுரடான பிரஷ் குத்திய இடத்தில் வருகிறதே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அமெரிக்காவில் டேவிட் ரேயும் கூட்டாளிகளும் இதையே சோதனையாகச் செய்து 1981-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். அடிக்கடி ஆப்தஸ் வருபவர்கள் ஒரு பக்கம், வராதவர்கள் ஒரு பக்கம். இரு தரப்பாரின் வாயிலும் வேண்டுமென்றே ஊசியால் சின்னக் காயம் செய்தார்கள். வராதவர்களுக்குக் காயம் ஆறிப்போனது. வருபவர்களில் ஒரு பகுதியினருக்கு அதே இடத்தில் ஆப்தஸ் முளைத்தது. குத்தியது ஒரே மாதிரிக் குத்து, வாங்கிய வாய்தான் வேறு. திருப்பூரில் நிட்டிங் மெஷின் பார்க்கும் ஃபிட்டருக்கு இந்த வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை. துணியில் எங்கோ ஓர் இடத்தில் ஓட்டை விழுந்தால் நூலில் முடிச்சு இருந்திருக்கும் என்று விட்டுவிடுவார். ஒரே கோட்டில் சுற்றுக்குச் சுற்று விழுந்தால் நூலை விட்டுவிட்டு ஊசியைத் தேடுவார். கடி, குத்து, காரம் எல்லாம் தூண்டுகோல்கள். திரும்பத் திரும்ப வருவதற்கான கோளாறு, சின்னச் சீண்டலுக்கும் பெரிய படையை அனுப்பும் நோய் எதிர்ப்பு மண்டலத்தில் இருக்கிறது.

இந்தக் கோளாறு பிறவியிலேயே ஓரளவு எழுதப்பட்டிருக்கிறது என்பதற்கு மிக வலுவான சான்று 2019-ல் வந்தது. நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வெளியான அந்த ஆய்வு, பிரிட்டனின் யூகே பயோபேங்கில் இருந்த 4,61,106 பேரின் மரபணுக்களை அலசியது. அவர்களிடம் கேட்கப்பட்ட கேள்வி மிகச் சாதாரணமானது: கடந்த ஓராண்டில் வாய்ப்புண் வந்ததா? வந்தது என்றவர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்டதில், மரபணுத் தொகுதியில் 97 இடங்களில் வேறுபாடு தெரிந்தது. அவற்றில் பல டி செல்களின் நடத்தையைக் கட்டுப்படுத்தும் மரபணுக்களை ஒட்டியே இருந்தன. அழற்சியைத் தணிக்கும் இன்டர்லூக்கின்-10 என்னும் செய்திப் புரதத்தின் மரபணுவும் பட்டியலில் உண்டு. செரிமானச் சுரப்புக்கோ தோலின் தடிப்புக்கோ உரிய மரபணுக்கள் முன்னால் நின்றிருந்தால் நம் வாதத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். ஆய்வுக்கு உட்பட்டவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினர். கொங்கு நாட்டுக்கு அந்த 97 இடங்களும் அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் வாய்ப்புண் குடும்பத்தில் ஓடுவது இங்கேயும் எல்லோரும் அறிந்ததுதான்.

உடம்புச் சூடு என்ற விளக்கத்தை அறிவியல் எழுத்தாளர்கள் சிரித்துவிட்டுக் கடந்து போவது வழக்கம். எனக்கு அது சரியாகப் படவில்லை. வாய்ப்புண் வந்தவரின் காய்ச்சல்மானி வழக்கமான அளவைத்தான் காட்டும், அது உண்மை. ஆனால் அவர் வாயில் உணரும் சூடு கற்பனை கிடையாது. மிளகாயின் காரத்தையும் கொதிக்கும் டீயின் சூட்டையும் உணர்வது ஒரே ஏற்பி. டிஆர்பிவி1 என்று பெயர். 1997-ல் டேவிட் ஜூலியஸின் ஆய்வுக்கூடம் இதைக் கண்டுபிடித்தது, 2021-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சாதாரணமாக இந்த ஏற்பி சுமார் 43 டிகிரி செல்சியஸில் விழித்துக்கொள்ளும். அழற்சி நடக்கும் இடத்தில் ஊறும் பிராடிகைனின், புராஸ்டாகிளாண்டின் போன்ற வேதிப்பொருள்கள் அந்த வரம்பைக் கீழே இறக்கிவிடுகின்றன. விளைவாக, நேற்று இதமாக இருந்த டீ இன்று சுடுகிறது. அமிலமும் இதே ஏற்பியைக் கிளப்பும் என்பதால் புளி ரசம், தக்காளிச் சட்னி, எலுமிச்சைச் சாதம் மூன்றும் எதிரியாகின்றன. மூன்று மில்லிமீட்டர்ப் புண் முப்பது மில்லிமீட்டர் வெட்டைவிட அதிகமாக வலிப்பதன் ரகசியமும் இதுதான்: மேல்படலம் போய் நரம்பு நுனிகள் திறந்து கிடக்கின்றன, அழற்சி அவற்றின் கூருணர்வைக் கூட்டிவிட்டிருக்கிறது. ஆகவே சூடு என்று மக்கள் சொல்வது விளைவைச் சரியாகச் சொல்கிறது. அதைக் காரணமாக எடுத்துக்கொண்டு எண்ணெய்க் குளியலும் இளநீருமாக அலைவதில்தான் தவறுகிறது. இளநீர் குடிப்பதால் கெடுதல் ஒன்றுமில்லை என்பது வேறு விஷயம்.

வயிற்றுப்புண் கதையைச் சுருக்கமாக முடித்துவிடலாம். இரைப்பைப் புண்ணுக்குப் பெருங்காரணங்கள் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியும் வலி மாத்திரைகளும். அது இருந்தால்தான் வாயில் புண் வரும் என்பதற்குச் சான்றில்லை. குடலின் நோய் எதிர்ப்புக் கோளாறுகளான சீலியாக், குரோன் ஆகியவற்றில் வாய்ப்புண் வருவது உண்மை. அவையும் அழற்சி நோய்களே என்பதைக் கவனிக்க வேண்டும்.

நம் வாதத்துக்கு உண்மையான சவால் மெடிக்கல் கடை அட்டையிடமிருந்து வருகிறது. சத்துக் குறைவால் வாய்ப்புண் வருகிறது, சத்தைக் கொடுத்தால் போய்விடுகிறது. இதில் அழற்சிக்கு என்ன வேலை? இந்த ஆட்சேபத்தின் பின்னால் நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. அமெரிக்கா போவதற்கு முன் கிளாஸ்கோவில் இருந்த அதே டேவிட் ரே, 1975-ல் ஆப்தஸ் நோயாளிகள் 130 பேரைச் சோதித்தபோது 23 பேருக்கு இரும்போ ஃபோலிக் அமிலமோ வைட்டமின் பி12-ஓ குறைவாக இருந்தது. குறைவை ஈடுசெய்ததும் அவர்களில் பெரும்பாலோருக்குப் புண் நின்றது. வாயின் மேல்படலம் சுமார் இரண்டு வாரத்தில் தன்னை முழுக்கப் புதுப்பித்துக்கொள்ளும் திசு. அவ்வளவு வேகமாகச் செல் பிரிய ஃபோலேட்டும் பி12-ம் வேண்டும், இரும்பும் வேண்டும். குறைந்தால் படலம் மெலியும். சின்னச் சீண்டலும் உள்ளே இருக்கும் காவல் செல்களை எட்டும். தமிழ்நாட்டில் இதை அலட்சியமாக விட முடியாது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கே 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கைமடியிலும் செக்கிங்கிலும் பேக்கிங்கிலும் நாள் முழுக்க நிற்பவர்களில் பெரும்பாலோர் அந்த வயதுப் பெண்கள். மாதம் தவறாமல் வாய்ப்புண் வரும் ஒரு தொழிலாளிக்கு முதலில் செய்ய வேண்டியது ஹீமோகுளோபின் பார்ப்பது. அதை விட்டுவிட்டு அழற்சித் தத்துவம் பேசுவது மருத்துவம் ஆகாது.

ஆனால் கிளாஸ்கோ கணக்கை இன்னொரு முறை பாருங்கள். 130-ல் 23 என்றால் மீதி 107 பேருக்கு எந்தக் குறைவும் இல்லை, புண் மட்டும் இருந்தது. சத்துக் குறைவுதான் நோய் என்றால் இவர்கள் யார்? இன்னும் குழப்பும் ஆய்வு ஒன்று 2009-ல் இஸ்ரேலில் நடந்தது. 58 பேரில் ஒரு பாதிக்குத் தினமும் 1000 மைக்ரோகிராம் பி12 நாக்கின் அடியில் வைக்கக் கொடுத்தார்கள், மறுபாதிக்கு வெற்று மாத்திரை. ஆறு மாதம் கழித்துப் பி12 பெற்றவர்களில் 74 சதவீதம் பேர் புண்ணே வராத நிலைக்கு வந்திருந்தார்கள்; வெற்று மாத்திரைக்காரர்களில் 32 சதவீதம். விசித்திரம் என்னவென்றால், தொடக்கத்தில் ரத்தத்தில் பி12 எவ்வளவு இருந்தது என்பதற்கும் பலனுக்கும் தொடர்பே இல்லை. குறைவை நிரப்பியதால் குணமானது என்று இதை விளக்க முடியாது; தினத் தேவையின் பல நூறு மடங்கு அளவில் அது மருந்தாக வேலை செய்திருக்க வேண்டும். மூன்றாவதாக 2012-ல் அமெரிக்காவில் 160 பேரிடம் ஓராண்டு நடந்த சோதனை: தினத் தேவை அளவுக்குப் பல்வகை வைட்டமின் மாத்திரை கொடுத்ததில் புண்ணின் எண்ணிக்கையும் குறையவில்லை, நாளும் குறையவில்லை. மூன்றையும் சேர்த்து வைத்தால் கிடைக்கும் படம் இதுதான். சத்துக் குறைவு சிலருக்கு அழற்சியின் வாசலைத் திறந்து வைக்கிறது. அவர்களுக்கு அதை மூடினால் போதும். மற்றவர்களுக்குப் பத்து மாத்திரை அட்டை செய்வது ஒன்றுமில்லை, சிறுநீரை மஞ்சளாக்குவதைத் தவிர.

அட்டை வேலை செய்தது என்று அவ்வளவு பேர் சத்தியம் செய்கிறார்களே என்றால், விடை புண்ணின் ஆயுளில் இருக்கிறது. பலரும் இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பார்த்து, வலி உச்சத்துக்குப் போன பிறகே கடைக்குப் போகிறார்கள். அன்றிலிருந்து ஐந்தாறு நாளில் எதைச் சாப்பிட்டாலும், எதையும் சாப்பிடாவிட்டாலும், புண் ஆறும் வழியில்தான் இருக்கும். சுக்குட்டிக் கீரை, தேங்காய்ப்பால், உப்புத் தண்ணீர் எல்லாவற்றின் புகழிலும் இந்த இயற்கையான ஆறுதலுக்கு ஒரு பங்கு உண்டு. கீரையில் ஃபோலேட் இருக்கிறது, உணவாக அது நல்லது. அதற்கு மேல் அதைப் பெருமைப்படுத்த வேண்டுமானால், கீரை சாப்பிட்டவர்களையும் சாப்பிடாதவர்களையும் ஒப்பிட்டு, அடுத்த புண் எத்தனை நாள் தள்ளிப்போனது என்று எண்ண வேண்டும். ஒரு புண் ஆறியதை வைத்து எதையும் சொல்ல முடியாது.

பற்பசை விஷயத்திலும் இதே அளவுகோல்தான். நுரை வருவதற்காகச் சேர்க்கப்படும் சோடியம் லாரில் சல்ஃபேட் வாயின் மேல்படலத்தை அரிக்கும் என்று சந்தேகித்து, நார்வேயில் 1994-ல் பத்துப் பேரிடம் சோதித்தார்கள். அது இல்லாத பேஸ்ட்டில் மூன்று மாதம் துலக்கியபோது சராசரிப் புண் எண்ணிக்கை 14.3-லிருந்து 5.1 ஆக இறங்கியது. பத்தே பேர். பிரிட்டனில் பிறகு செய்த ஆய்வில் வித்தியாசம் தெரியவில்லை. 2012-ல் கொரியாவில் 90 பேரிடம் பார்த்தபோது புண் வரும் தடவை குறையவில்லை. வந்த புண் சீக்கிரம் ஆறியது, வலி குறைந்தது. மாற்றிப் பார்ப்பதில் நஷ்டமில்லை, மாற்றியும் வந்தால் ஆச்சரியப்படவும் வேண்டாம். தூக்கக் குறைவு இதைவிடக் கனமான சந்தேக நபர். தூக்கம் கெட்டவர்களின் ரத்தத்தில் இன்டர்லூக்கின்-6, சி-ரியாக்டிவ் புரதம் போன்ற அழற்சிக் குறியீடுகள் கூடுகின்றன என்பது பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. கப்பலேற்றும் தேதி நெருங்கும் வாரத்தில் இரவு ஷிப்ட் கூடுவதும், வாய்ப்புண் கூடுவதாகத் தொழிலாளர்கள் சொல்வதும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. பொருந்துவது மட்டுமே நிரூபணம் ஆகிவிடாது. ஆனால் இங்கே நடந்தேறக்கூடிய வழி ஒன்றாவது கண்ணுக்குத் தெரிகிறது.

இனி எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் ஆட்சேபம். அழற்சிதான் குற்றவாளி என்றால் அழற்சி மாத்திரை போட்டால் நின்றுவிட வேண்டுமே? தலைவலிக்குப் போடும் இபுப்ரோஃபென் ஏன் வாய்ப்புண்ணை நிறுத்துவதில்லை? அழற்சி என்று ஒரே பெயரில் நாம் அழைப்பது பல கிளைகள் கொண்ட நிகழ்வு. இபுப்ரோஃபென் புராஸ்டாகிளாண்டின் கிளையை மட்டும் வெட்டும். அதனால் வலி கொஞ்சம் குறையும். டி செல்களையும் அவை ஊற்றும் டிஎன்எஃப்-ஆல்ஃபா போன்ற செய்திப் புரதங்களையும் அது தொடுவதில்லை. ஸ்டீராய்டு தொடுகிறது. ட்ரையாம்சினோலோன் பசையைப் புண்ணில் ஒட்ட வைத்தால் வலியும் குறைகிறது, ஆறும் நாளும் குறைகிறது. அதுவும் குறுகுறுப்புக் கட்டத்திலேயே வைத்தால் நன்றாகக் கேட்கிறது. பள்ளம் விழுந்த பிறகு வைத்தால் பலன் குறைவு. முதலில் வருவது அழற்சி என்ற வாதம் எதிர்பார்ப்பதும் இதையேதான். ஆனால் மாத்திரையாக உள்ளே சாப்பிடும் மருந்துகளைப் பற்றி 2012-ல் காக்ரேன் அமைப்பு 25 சோதனைகளைத் திரட்டிப் பார்த்தபோது, எல்லோருக்கும் பலன் தரும் என்று ஒரு மருந்தையும் சுட்ட முடியவில்லை. வந்த அழற்சியை அணைப்பது வேறு, அது கிளம்பும் வரம்பையே உயர்த்துவது வேறு. இரண்டாவதைப் பத்திரமாகச் செய்யும் மருந்து சாதாரண வாய்ப்புண்காரருக்கு இன்னும் வரவில்லை.

இந்த இடத்தில் தாலிடோமைடின் கதை வருகிறது. நம் வாதத்தைக் கொஞ்சம் சங்கடப்படுத்தும் கதை. கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்பட்டு ஆயிரக்கணக்கான குழந்தைகள் கைகால் ஊனத்தோடு பிறக்கக் காரணமாகி, 1961-ல் திரும்பப் பெறப்பட்ட மருந்து அது. சில ஆண்டுகளில் ஜெருசலேமில் தொழுநோயாளிகளின் கடும் அழற்சிக் கட்டிகளை அது அடக்குவது தெரியவந்தது. டிஎன்எஃப்-ஆல்ஃபாவை அது குறைக்கிறது என்பது பிறகு விளங்கியது. எச்ஐவி நோயாளிகளுக்கு வரும் கொடிய ஆப்தஸ் புண்ணில் இதைச் சோதித்து 1997-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். நான்கு வாரத்தில், மருந்து பெற்ற 29 பேரில் 16 பேருக்குப் புண் முழுதாக ஆறியது. வெற்று மாத்திரை பெற்ற 28 பேரில் இருவருக்கு மட்டும். அழற்சித் தரப்புக்குப் பெரிய வெற்றி என்று கைதட்டும் நேரத்தில் ரத்தப் பரிசோதனை முடிவு வேறு சொன்னது: மருந்து பெற்றவர்களின் ரத்தத்தில் டிஎன்எஃப்-ஆல்ஃபா குறையவில்லை, கூடியிருந்தது. அப்படியென்றால் புண் எப்படி ஆறியது? ரத்தத்தில் ஓடும் அளவு, உதட்டின் உள்ளே இரண்டு மில்லிமீட்டர் இடத்தில் நடப்பதற்குச் சாட்சியாகாது என்பது ஒரு பதில். தாலிடோமைடு ஒரு புரதத்தை மட்டும் தொடாமல் பலவற்றைத் தொடுகிறது என்பது இன்னொரு பதில். இரண்டுமே நியாயமானவை. இவை உணர்த்துவது, அழற்சியை ஒரே ஒரு மூலக்கூறின் தலையில் கட்டக்கூடாது என்பது. பின்னாளில் வந்த அப்ரெமிலாஸ்ட் அந்தப் பாடத்தோடு ஒத்துப்போகிறது. துருக்கியின் தோல் மருத்துவர் ஹுலுசி பெசெட் 1937-ல் விவரித்த நோயில் வாய்ப்புண்ணோடு பிறப்புறுப்புப் புண்ணும் கண் அழற்சியும் சேர்ந்து வரும். சிலருக்கு முன்கையில் ஊசி குத்தினால்கூட ஓரிரு நாளில் சீழ்ப்பரு கிளம்பும். அந்த நோயின் வாய்ப்புண்ணுக்கு 2019-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இந்த மருந்து, வெள்ளணுக்களின் உள்ளே ஒரு நொதியைத் தடுத்து, அழற்சியைக் கிளப்பும் பல செய்திப் புரதங்களைக் குறைத்து, தணிக்கும் இன்டர்லூக்கின்-10-ஐக் கூட்டுகிறது. ஒரு வீரனைப் பிடிப்பதைவிடச் சமநிலையைத் திருப்புவதுதான் பலன் தந்திருக்கிறது.

மிகக் கூர்மையான ஆட்சேபம் ஒன்று மீதி இருக்கிறது. வெள்ளணுக்கள் அதிகம் கிளம்புவதால் புண் வருகிறது என்றால், வெள்ளணுக்கள் குறைந்தவர்களுக்கு வரக்கூடாது. வருகிறதே! சைக்ளிக் நியூட்ரோபீனியா என்னும் அரிய பரம்பரை நோயில் சுமார் 21 நாளுக்கு ஒரு முறை நியூட்ரோபில்கள் ரத்தத்தில் அறவே குறைந்துபோகும். ஒவ்வொரு முறையும் வாயில் புண் வரும். கீமோதெரபி எடுப்பவர்களுக்கும் வருகிறது. இதற்கான பதில் கண்ணால் பார்க்கக் கிடைப்பது: வெள்ளணு இல்லாதவரின் புண்ணைச் சுற்றிப் பெரும்பாலும் அந்தச் சிவந்த வளையம் இருக்காது. வளையத்தை உண்டாக்க ஆள் இல்லை. அங்கே காவலில்லாத சதையை வாயில் குடியிருக்கும் பாக்டீரியா தின்கிறது. பார்வைக்கு ஒன்றுபோல் தெரியும் இரண்டு பள்ளங்கள், எதிரெதிர்க் காரணங்களால் விழுந்தவை. அழற்சி இல்லாமல் வாய் ஒரு நாள் தாங்காது. கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் வாழும் இடத்தில் அதை முற்றிலும் ஒழிக்க நினைப்பது புத்திசாலித்தனமும் ஆகாது. ஆப்தஸ்காரரிடம் கெட்டிருப்பது படையின் பலம் கிடையாது. எப்போது கிளம்புவது, எப்போது திரும்புவது என்ற உத்தரவு.

புகையிலையைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊரில் வாய்ப்புண்ணைப் பேசி முடிக்க முடியாது. சிகரெட் பிடிப்பவர்களுக்கு ஆப்தஸ் குறைவாக வருகிறது என்பதும், விட்டவுடன் சிலருக்குப் புதிதாக வருகிறது என்பதும் ஆய்வுகளில் உறுதியானவை. புகையிலை ஆதரவாளர்கள் இதைப் பிடித்துக்கொள்வார்கள். புகையின் சூடும் வேதிப்பொருளும் மெத்தென்ற படலத்தைக் கெட்டியாக்கி, உள்ளங்கால் தோல் மாதிரி மேலே கெராட்டின் அடுக்கைப் போடுகின்றன. காவல் செல்களைச் சீண்டல் எட்டுவதில்லை என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். கெட்டியாகும் அந்தப் படலம்தான் பின்னாளில் வெள்ளைத் திட்டாகி, சிலருக்குப் புற்றுநோயாகிறது. தமிழ்நாட்டில் 2013-லிருந்து குட்காவுக்குத் தடை இருந்தும், ஷிப்டில் தூக்கம் வராமல் இருக்கக் கீழுதட்டுக்குள் பொட்டலப் புகையிலை வைப்பது நின்றபாடில்லை. அங்கே விழும் புண் ஆப்தஸ் இலக்கணத்துக்குள் வராது. வலிக்காமல் இருக்கலாம், விளிம்பு தொட்டால் கெட்டியாக இருக்கலாம், ஆறி மறுபடி வராமல் ஒரே இடத்தில் நின்றுகொண்டிருக்கும். சிறு ஆப்தஸ் இரண்டு வாரத்தில் ஆறிவிடும் என்று பார்த்தோம். மூன்று வாரமாகியும் ஆறாத புண்ணுக்கு அட்டையும் கீரையும் ஸ்டீராய்டு பசையும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தால் போவது நாள்தான். அதில் ஒரு துணுக்கை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்ப வேண்டும். மரத்துப்போக ஊசி போட்டு எடுக்கும் அந்த வேலை சில நிமிஷத்தில் முடிந்துவிடும், மருத்துவமனையில் படுக்க வேண்டியதில்லை.